அத்தி மரமும் அதன் காயைத் துளைக்கும் குளவியும்

எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் நிற்கும் அத்தி மரத்தின் அடியில் சென்ற வாரம் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அடிமரத்திலேயே கொத்தாகக் காய்த்திருந்த பச்சைக் காய் ஒன்றின் மேல், தன் உடலைவிட நீளமான ஊசியோடு ஒரு சிறு குளவி வயிற்றை உயரத் தூக்கி நின்று, அந்த ஊசியைக் காய்க்குள் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தது.

அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை குளவிகளே. அத்தியின் பூக்கள் காய்க்குள் மறைந்திருப்பதால், செரட்டோசோலன் என்னும் குளவி நுனித் துளை வழியே உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. அதற்குக் கூலியாகச் சில பூக்களில் தன் குஞ்சுகளை வளர்க்கிறது. நான் பார்த்ததைப் போன்ற அபோக்ரிப்டா குளவியோ மரத்துக்கு எதையும் கொடுப்பதில்லை. வெளியில் நின்றபடியே துளையிட்டு, உள்ளே வளரும் மற்றக் குளவிகளின் புழுக்களுக்குத் தன் முட்டையைப் பகையாக வைக்கிறது.

பல பத்தாண்டுகள் நிற்கும் மரத்தையும், இறகு முளைத்தபின் சில நாட்களே வாழும் இந்தப் பூச்சியையும் எந்த அளவுகோலால் ஒப்பிடுவது? காயின் சுவரே அந்த அளவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது. பாலும் நாரும் நிறைந்த அந்தச் சுவரைத் துளைக்க, மயிரிழையைவிட மெல்லிய ஊசி வளையாமலும் முறியாமலும் இருக்க வேண்டும். அதன் நுனிப் பற்களில் துத்தநாகம் செறிந்திருப்பதை பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். காய் பருக்கப் பருக்கச் சுவரும் மாறுவதால், ஒவ்வொரு குளவி இனமும் தனக்குரிய பருவத்தில்தான் வந்து துளைக்கிறது.

அபோக்ரிப்டாவை மரத்தின் பகை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகரந்தம் சேர்க்காமல் பூக்களை மட்டும் தின்னும் வேறு குளவிகளின் புழுக்களும் இதற்கு இரையாகின்றன. வளர்ந்தபின் வெளியேறவும், செரட்டோசோலன் ஆண்கள் கடித்துத் திறக்கும் வழியையே இது நம்பியிருக்கிறது.

ஊசி பாதி இறங்கியிருந்தபோது கிளை வழியே முசுறு எறும்பு ஒன்று வந்தது. இறக்கிய ஊசியை உடனே உருவிப் பறக்க முடியாத குளவியை அது காலைப் பற்றி இழுத்துச் சென்றது. காயின் மேல் ஒரு துளிப் பால் மட்டும் கசிந்து நின்றது.