378 சதுர அடி

ஜூன் 3
வீட்டு வரி நோட்டீஸ் வந்தது. படித்துவிட்டு, மடித்து, அம்மாவின் மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

ஜூன் 4
மூன்று முறை எடுத்துப் பார்த்தாயிற்று. கட்டடப் பரப்பு 1,480 சதுர அடி என்று போட்டிருக்கிறது. இந்த வீடு என்றைக்கு 1,480 ஆனது? அப்பா இருந்தவரை யார் கேட்டாலும் ‘ஆயிரத்து நூத்தி ரெண்டு’ என்பார், பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோல. வீடு கட்டியபோது அவர் எழுதி வைத்த நோட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. 38 × 29 = 1,102. கீழே இரண்டு கோடு.

மீதி 378 எங்கிருந்து வந்தது?

அண்ணனுக்குப் போன் செய்தேன். “எல்லாருக்கும்தான் கூட்டியிருப்பான், விடு” என்றான். எல்லாருக்கும் வரியைக் கூட்டுவது வேறு, என் வீட்டை மட்டும் பெரிதாக்குவது வேறு. இதைச் சொல்வதற்குள் அவனுக்கு வேறு போன் வந்துவிட்டது.

ஜூன் 5
378.

ஜூன் 7
நோட்டீஸின் பின்பக்கத்தை இன்றுதான் படித்தேன், பொடி எழுத்து. மேல்முறையீட்டுக்கு 30 நாள். கைக்குக் கிடைத்த நாளிலிருந்து இல்லை, அதில் போட்ட தேதியிலிருந்து. போட்ட தேதி மே 21. ஆக, ஜூன் 20. இன்னும் 13 நாள்தான்.

உடனே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். அம்மாவின் உடம்பு, மருந்துச் செலவு, அப்பா இல்லாதது, எல்லாம். சாயங்காலம் படித்தபோது எனக்கே கூச்சமாகிவிட்டது. கிழித்தேன். வரி அதிகம் என்று அழுவதற்கு அந்த மேஜை இல்லை, வரி விகிதத்தை முடிவு செய்பவர்கள் வேறு. மதிப்பீட்டில் தப்பு என்றால்தான் அங்கே பேச்சு. அளவு தப்பு, கட்டிய வருடம் தப்பு, குடியிருக்கும் வீட்டைக் கடை என்று எழுதிவிட்டார்கள், இதே மாதிரி வீட்டுக்குக் குறைவாகப் போட்டிருக்கிறார்கள். இதில் ஒன்றாவது வேண்டும், அதற்குக் காகிதமும் வேண்டும். கண்ணீருக்குக் கட்டம் இல்லை அந்தப் படிவத்தில்.

ஜூன் 8
பக்கத்து வீட்டு சாரிடம் அவருடைய நோட்டீஸைப் பார்க்கக் கேட்டேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டதுபோல் முகம் மாறியது. “என் வீட்டைக் காட்டி உன் வீட்டுக்குக் குறைச்சா, என் வீட்டுக்கு ஏத்திட மாட்டாங்களாம்மா?” நியாயமான பயம்தான். சரி, அந்த வழி அடைபட்டது.

ஜூன் 10
அளந்தேன். அப்பாவின் டேப்பில் முதல் அடி ஒடிந்து போயிருக்கிறது. இரண்டாவது அடியிலிருந்து வைத்து, கடைசியில் ஒன்றைக் கழிக்க வேண்டும். கட்டிலில் இருந்தபடியே அம்மா ஒவ்வொரு சுவருக்கும் “ஒண்ணு கழிச்சியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். 38, 29. அப்பா சொன்னது சரி.

அப்புறம் அம்மாவின் அறை. 12 × 11 = 132. இது அப்பாவின் நோட்டில் இல்லை, அவர் போன பிறகு கட்டியது. நோட்டீஸ் கணக்கிலும் இது இல்லை என்றுதான் தோன்றுகிறது. 378-ஐ எப்படி உடைத்தாலும் ஒரு 132 வெளியே வரவில்லை. எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்.

ஜூன் 11
சொல்லாவிட்டால் 1,102. சொன்னால் 1,234. “நீயா எதுக்கு வாயைக் கொடுக்கறே?” என்கிறான் அண்ணன். ஆனால் மனு போட்டால் அளக்க ஆள் வருவார். வருகிறவர் குறைக்க மட்டும்தான் வருவார் என்று எங்கேயும் எழுதவில்லை.

ஜூன் 12
ராத்திரி முழுக்க அம்மாவுக்கு இருமல்.

ஜூன் 14
தார்ப்பாய்!

துணி காயப் போட மொட்டை மாடிக்குப் போனேன். போன மழையில் ஹாலில் ஒழுகியதற்காக நானே விரித்த நீலத் தார்ப்பாய். 18-க்கு 24 வாங்கி, ஒரு பக்கம் 3 அடி மடித்து, சுற்றிலும் செங்கல் வைத்தேன். 18 × 21. ஈரத் துணியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வாசல்படி ஏறி யாருமே அளக்க வரவில்லையே என்று குழம்பிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து எடுத்த படத்தில் பார்த்திருக்கிறார்கள், நேர்கோட்டு விளிம்போடு ஒரு நீலக் கூரை. ஒழுகுகிற வீட்டுக்கு மதிப்புக் குறைய வேண்டும் என்பார்கள். எனக்கு ஒழுகலே ஒரு மாடியாக எழும்பி நிற்கிறது.

சிரித்தேன். அம்மாவிடம் சொல்லும்போது மட்டும் ஏனோ தொண்டை அடைத்தது.

ஜூன் 16
தார்ப்பாயை எடுக்கும் முன் நான்கு படம், எடுத்த பின் நான்கு, டேப்பை விரித்து வைத்து இரண்டு. ஹால் கூரையின் ஈரக்கறை ஒன்று. கட்டிட அனுமதி வரைபடத்தின் நகல்.

ஜூன் 17
மனு கொடுத்தாயிற்று. நகலில் முத்திரை வாங்காமல் நகர மாட்டேன் என்று நின்றேன், போட்டுத் தந்தார்கள். மனுவில் எழுதிய பரப்பு 1,234. அண்ணனிடம் சொல்லவில்லை.

ஜூன் 25
மனு கிடப்பில் இருந்தாலும் தவணையைக் கட்டியே ஆக வேண்டுமாம், இல்லாவிட்டால் வட்டி. ஜெயித்தால் அடுத்த தவணையில் கழிப்பார்களாம். ‘ஆட்சேபத்துக்கு உட்பட்டு’ என்று ஒரு கடிதம் இணைத்துக் கட்டினேன். இல்லாத மாடிக்கு.

ஜூலை 2
ஒன்றுமில்லை.

ஜூலை 6
ஒன்றுமில்லை. எந்த வீட்டைப் பார்த்தாலும் மனசு நீளத்தையும் அகலத்தையும் பெருக்குகிறது. மருத்துவமனையில் காத்திருந்தபோது அந்தக் கூடத்தைக்கூட அளந்துவிட்டேன். 40-க்கு 16 இருக்கும்.

ஜூலை 9
12-ஆம் தேதி காலை பத்து மணிக்கு நேரில் பார்க்க வருகிறார்களாம்.

“இந்த ரூமுக்குத்தானா வரி?” என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். “வேணும்னா அன்னிக்கு நான் முன்னாடி வந்து உக்காந்துக்கறேன், கட்டிலையும் எடுத்துடு. சாமான் போடற இடம்னு நினைச்சுக்கட்டும்.” நடக்க முடியாதவள். கோபம்தான் வந்தது. கத்திவிட்டேன். அப்புறம் கால் பிடித்துவிட்டேன்.

ஜூலை 11
மேகம் இருட்டிக்கொண்டு வருகிறது. மாடி பளிச்சென்று காலியாக இருக்கிறது, அவர்கள் பார்க்க வேண்டியபடி.

ஜூலை 12, விடியற்காலை 2.15
தூறல் பிடித்துவிட்டது. ஹாலில் வாளி வைத்திருக்கிறேன். தார்ப்பாய் மாடிப்படிக்குக் கீழே மடித்துக் கிடக்கிறது. உள்ளேயிருந்து அம்மா, “விரிச்சிடேன்டி” என்கிறாள்.