மூன்று கம்பிகள்: படகு நாட்குறிப்பு

ஜூன் 2
பழைய கம்பிகளைக் கழற்றியாயிற்று. படகு சேலம் கண்ணங்குறிச்சியில் மாமனார் வீட்டு ஷெட்டில் கிடக்கிறது. எட்டிப் பார்க்கிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஏற்காடு ஏரியில விடப் போறீங்களா?" அங்கே பெடல் படகுக்கே க்யூ நிற்கிறது! இது எண்டர்பிரைஸ் வகைப் பாய்மரப் படகு. 1956-ல் ஜாக் ஹோல்ட் வடிவமைத்தது, 13 அடி 3 அங்குலம் நீளம். மச்சான் சென்னையில் இருக்கிறார், வேலை முடிந்ததும் அங்கேதான் போகும். ஓடப்போவது உப்புத் தண்ணீரில்.

பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிப்பவை மூன்றே கம்பிகள். இரண்டு பக்கமும் ஷ்ரவுடு, முன்னால் ஃபோர்ஸ்டே. இடது ஷ்ரவுடை வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டே கீழே வந்தேன். மேலே எல்லாம் பளபளப்பு. அடியில் குழல் போன்ற முனைக்குள் கம்பி நுழைகிற இடத்தில் துணி மாட்டிக்கொண்டது. ஓர் இழை அறுந்து முள் மாதிரி நிற்கிறது, சுற்றிலும் காப்பிப் பொடி நிறத்தில் கறை. கம்பி வழியே இறங்கும் தண்ணீர் அங்கேதான் தேங்கும். ஸ்டெயின்லெஸ் எஃகின் மேல் துருவைத் தடுக்கும் படலம் நிலைக்கக் காற்று வேண்டும். அந்த இடுக்கில் காற்று ஏது?

ஜூன் 5
செவ்வாய்ப்பேட்டை போனேன். ஸ்டீல் பிளான்ட் இருக்கிற ஊர்தான், ஆனால் அங்கே வருவது தகடும் சுருளும். கடையில் கிடைத்தது போர்வெல் மோட்டார் இறக்குகிற ரோப். "இதுல யானையையே கட்டலாமுங்க" என்றார் கடைக்காரர். யானை ஒன்றும் கட்டப்போவதில்லை என்றேன். 304 ரக ஸ்டெயின்லெஸ் எஃகு என்று சொல்லிக் காந்தம் வைத்துக் காட்டினார், லேசாக ஒட்டியது. "ஒட்டுதே, டூப்ளிகேட்டா?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார், கடைக்காரர் முகம் சுண்டிவிட்டது. பாவம், அவர் மேல் தப்பில்லை. 304 எஃகைக் குளிர்நிலையில் இழுத்துக் கம்பியாக்கும்போதே கொஞ்சம் காந்தத்தன்மை வந்துவிடும். காந்தத்தை வைத்து ரகம் பிரிக்க முடியாது. துண்டு ஒன்று வெட்டி வாங்கி வந்தேன்.

ஜூன் 6
எதிர்வீட்டு அண்ணன் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய லென்ஸை வாங்கி ரோப்பின் வெட்டுமுனையைப் பார்த்தேன். ஏழு புரி, புரிக்குப் பத்தொன்பது இழை. மொத்தம் 133 இழைகள், தலைமுடி போல. இதுதான் 7×19, கப்பியில் வளைந்து ஓடுவதற்கென்றே பிறந்தது. பழைய ஷ்ரவுடில் பத்தொன்பதே தடித்த இழைகள்: நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு. அது 1×19. "வெள்ளியும் இப்படித்தான் தம்பி, இழுக்க இழுக்க இறுகும்" என்றார் அண்ணன். அவர் அதைத் திரும்பக் காய்ச்சி இளக்குகிறார், நமக்கோ அந்த இறுக்கம்தான் பலம்.

ஜூன் 9
ஞாயிறு, கணக்குப் போட உட்கார்ந்தேன். இரண்டு பேர் 130 கிலோ. உடம்பை வெளியே சாய்த்து உட்கார்ந்தால் நடுக்கோட்டிலிருந்து சுமார் ஒரு மீட்டர். படகு கவிழாமல் நிற்க இவ்வளவுதான் எதிர்ப்பு, கம்பி அதற்கு மேல் இழுபட வழியில்லை. ஷ்ரவுடு மாட்டும் இடம் பாய்மரத்திலிருந்து முக்கால் மீட்டருக்குள். ஆக, பாயின் முன்இழுப்பையும் சேர்த்து ஏறத்தாழ 200 கிலோ. அலையில் குலுங்குவதற்கு மூன்று மடங்கு வைத்தால் 600. 3 மி.மீ. 1×19 கம்பி 700 கிலோவுக்கு மேல் தாங்கும். தீர்ந்தது.

பலத்தைவிட நீட்சியைத்தான் பார்க்க வேண்டும். ஐந்து மீட்டர் கம்பியில் 200 கிலோ இழுத்தால் 3 மி.மீ. 1×19 ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் நீளும். அதே தடிமனில் 7×19 ஐந்து சென்டிமீட்டர். காற்று அடிக்கிறபோதெல்லாம் பாய்மரம் அந்த அளவுக்குச் சாய்ந்தால் பாயின் வடிவம் என்ன ஆவது? 4 மி.மீ. போடேன் என்கிறார் மச்சான். மாட்டுகிற கொக்கி எல்லாம் 3-க்கு உரியவை. மேலே எடை ஏறுவதுதான் மிச்சம்.

ஜூன் 13
கம்பி எதுவானாலும் முனையை யார் கட்டுவது? எனக்கு இதுதான் முதல் கேள்வி, கடையில் யாரும் கேட்காத கேள்வியும் இதுதான். கடைக்காரர் யு-கிளாம்ப் நீட்டினார். அது கம்பியை நசுக்கும், பாயையும் கிழிக்கும். லாரி ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் போடும் பட்டறையில் "குடுங்க, ஒரே அமுக்கு" என்றார்கள். அவர்கள் ஆர்வம் பிடித்திருந்தது, ஆனால் அந்த அச்சுகள் ஹோஸ் அளவுக்குச் செய்தவை. படகுக் கம்பியின் முனைக் குழலைச் சொன்ன விட்டத்துக்குச் சரியாகக் குறுக்க வேண்டும். தளர்ந்தால் உருவிக்கொள்ளும், அதிகம் அமுங்கினால் விரிசல் விடும். காப்பர் ஸ்லீவ் போட்டு நானே அமுக்கலாம், ஆனால் 1×19 வளையத்தைச் சுற்றி மடியாது. அதற்கு 7×7 (ஏழு புரி, புரிக்கு ஏழு இழை) வேண்டும், அதன் நீட்சியும் இரண்டரை மடங்கு.

ஜூன் 16
மச்சான் போன். டைனீமா என்கிற செயற்கை இழைக் கயிறு போடலாமாம், தண்ணீரில் மிதக்கும், கையாலேயே பின்னிவிடலாம். வாஸ்தவம்தான். ஆனால் தொடர்ந்து இழுபட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போகும். பெரிய படகில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 20
ஆர்டர் போட்டாயிற்று. ஷ்ரவுடு இரண்டும் ஃபோர்ஸ்டேயும் 3 மி.மீ. 1×19, 316 ரகம். அதில் மாலிப்டினம் இரண்டு முதல் மூன்று சதவீதம் இருப்பதால் உப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். முனைகளை ரோலர் மெஷினில் அழுத்தியே அனுப்பச் சொல்லிவிட்டேன். விலை கூடத்தான். சாயும் கோணத்தில் முனை வளையாமல் இருக்க அடியில் டாகிள் என்கிற அசையும் இணைப்பும் சேர்த்தேன். அளவு எடுத்தது முனையில் ஊசி மாட்டும் துளையின் மையத்திலிருந்து மையம் வரை, கம்பியைத் திருகி இறுக்கும் டர்ன்பக்கிள் பாதி திறந்த நிலையில்.

போர்வெல் ரோப் வீண் போகவில்லை என்றுதான் நினைத்தேன், முன்பாயை மேலே ஏற்றும் ஹால்யார்டுக்குக் கப்பியில் ஓட 7×19 தானே வேண்டும். ஆனால் 304-ஐ உப்பில் விட மனசில்லை. அதையும் 316-லேயே சொல்லிவிட்டேன். இந்த ரோப்பை மாமனார் கிணற்று மோட்டாருக்கு எடுத்துக்கொண்டார்.