யூடியூப் வருமானத்தில் அமெரிக்கா பிடித்த வரி: ஃபார்ம் 67 வரை போன அனுபவம்

யூடியூப் வருமானத்தில் அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் பங்குக்கு அமெரிக்க வரி பிடிப்பது 2021 ஜூனில் தொடங்கியது. அதிலிருந்து வந்த விளக்கங்கள் பெரும்பாலும், யூடியூப் பணத்தை நமக்கு அனுப்பும் கூகுளின் ஆட்சென்ஸில் டபிள்யூ-8பென் (வெளிநாட்டவர் தரும் அமெரிக்க வரிப் படிவம்) நிரப்புவதோடு நின்றுவிடுகின்றன. பிடித்த பணத்தை இந்திய வரியில் கழிப்பதுதான் பெரும்பாடு. அது முடிந்த நிம்மதியில் இதை எழுதுகிறேன்.

டபிள்யூ-8பென்னில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். முதலில் பெயர். பான் பதிவில் அப்பா பெயர் விரிந்து கடைசிப் பெயராக நிற்கும். ஆட்சென்ஸிலோ இனிஷியலோடு இருக்கும். தமிழ்நாட்டுக்காரர்கள் பலரும் பரிசீலனையில் மாட்டுவது இங்கேதான். பான் அட்டைப்படி பெயரைத் திருத்திவிட்டுப் படிவத்தைத் தொடங்குங்கள். வெளிநாட்டு வரி எண் கட்டத்தில் பான் எண் போடாவிட்டால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகை கிடையாது. சலுகைப் பக்கத்தில் 'சேவைகள்' என்பதை மட்டும் டிக் செய்துவிட்டு வெளியே வராதீர்கள். யூடியூப் பணம் ராயல்டி கணக்கில் வருகிறது. திரைப்படம்-தொலைக்காட்சி, பிற காப்புரிமை இரண்டுக்கும் ஒப்பந்தத்தின் பிரிவு 12-ன் கீழ் 15 சதவீதத்தைத் தேர்வு செய்ய வேண்டும்.

மொத்த வருமானம் 1000 டாலர், அதில் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்தது 100 டாலர் என்றால், சலுகையோடு பிடிப்பது 15 டாலர். சலுகை இல்லாவிட்டால் 30. படிவமே தராத தனிநபருக்கு உலக வருமானம் முழுவதிலும் 24 சதவீதம், அதாவது 240 டாலர் வரை போகும். படிவத்துக்கு ஆயுளும் உண்டு: கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரை. 2021-ல் கொடுத்தது 2024 கடைசியோடு காலாவதியாகிவிட்டது.

இனி இந்தியப் பக்கம். வெளிநாட்டில் பிடித்த வரியை இங்கே கழிக்கக் கேட்கும் படிவம்தான் ஃபார்ம் 67. "இவ்வளவு சின்னத் தொகைக்கு எதற்கு, கெடுவும் முடிந்துவிட்டது" என்று ஆடிட்டர் கைவிரித்தார். அது பழைய விதி. 2022 ஆகஸ்டில், வெளிநாட்டு வரிக்கழிவுக்கான விதி 128 திருத்தப்பட்டது. ரிட்டர்னை உரிய காலத்திலோ தாமதமாகவோ தாக்கல் செய்திருந்தால், அந்த மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடியும்வரை ஃபார்ம் 67 கொடுக்கலாம். ஆனாலும் ஃபார்ம் 67-ஐ முதலில் தாக்கல் செய்து, இ-வெரிஃபை முடித்து, அதன் பிறகு ரிட்டர்ன் போடுவதே தலைவலி இல்லாத வழி.

கணக்கில் நேரம் தின்றது ஆண்டுக் குழப்பம். பிடித்த வரியைக் காட்டி கூகுள் தரும் 1042-எஸ் என்ற தாள் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது. நம் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அந்தத் தாளில் உள்ள தொகையை அப்படியே தூக்கிப் போட்டால் கணக்கு பொருந்தாது. ஆட்சென்ஸ் பரிவர்த்தனைப் பக்கத்திலிருந்து மாதவாரியாக அமெரிக்க வருமானம், பிடித்த வரி இரண்டையும் எடுத்து ஓர் அட்டவணை போடுங்கள். கையெழுத்திட்ட அந்த அறிக்கையோடு பிடித்ததற்கான சான்றாக 1042-எஸ் பிரதிகளையும் இணைக்க வேண்டும்.

பிடித்த வரியை ரூபாயாக்க ஆண்டு சராசரி போடக் கூடாது. பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் எஸ்பிஐ டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் (TT) வாங்கும் விலைதான் கணக்கு. ஜூலையில் பிடித்தார்கள் என்றால் ஜூன் 30 விலை. பழைய விலைப்பட்டியலைப் பின்னால் தேடி அலைவது கொடுமை. மாதக் கடைசியில் ஒரு பிரதி சேமித்து வையுங்கள்.

வங்கிக்கு வந்த தொகையை மட்டும் வருமானமாகக் காட்டுவது பலர் செய்யும் தவறு. பிடித்ததையும் சேர்த்த முழுத் தொகைதான் வருமானம். எளிதாக இருக்கிறதே என்று ஐடிஆர்-4 பக்கம் போகாதீர்கள். வெளிநாட்டு வரிக்கழிவு கேட்பவர் அதைப் பயன்படுத்த முடியாது. தொழில் வருமானமாகக் காட்டினால் ஐடிஆர்-3. அதன் எஃப்எஸ்ஐ (வெளிநாட்டு வருமான) அட்டவணையில் அமெரிக்கப் பங்கு மட்டும் வர வேண்டும், யூடியூப் வருமானம் முழுவதும் அல்ல. எஃப்எஸ்ஐ, டிஆர் (வரிக்கழிவு அட்டவணை), ஃபார்ம் 67 மூன்றிலும் தொகை ரூபாய் பிசகாமல் ஒன்றாக இருந்ததால், ரிட்டர்னைப் பரிசீலித்து வருமான வரித்துறை அனுப்பும் 143(1) அறிவிப்பில் கழிவு முழுசாக ஏற்கப்பட்டு வந்தது.

ஒரு வரம்பு உண்டு. அந்த வருமானத்துக்கு இந்தியாவில் விழும் வரிக்கு மேல் கழிவு கிடைக்காது. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்து, தள்ளுபடியால் வரியே பூஜ்ஜியமானால், அமெரிக்கா பிடித்த 15 சதவீதம் போனது போனதுதான். அப்படிப்பட்டவர்கள் ஃபார்ம் 67-க்கு அலைய வேண்டாம். டபிள்யூ-8பென் காலாவதியாகிப் பிடித்தம் 15 சதவீதத்துக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.