நாலாவது குவார்ட்டர்பேக்

அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் ஆகஸ்ட் முடிவதற்குள் ஒவ்வொரு அணியும் 90 பேரை 53 ஆகக் குறைக்க வேண்டும். யார் யார் தேறுவார்கள் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டால், முதல் நாற்பது பேரைச் சொல்வது பெரிய வித்தையே இல்லை. போட்டியெல்லாம் கடைசி ஏழெட்டு இடத்துக்குத்தான். அங்கே பந்தை அழகாகப் பிடிப்பவரைவிட, கிக்ஆஃபில், அதாவது பந்தை எதிரணிக்கு உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும்போது, தலைதெறிக்க ஓடி எதிராளியைச் சாய்ப்பவருக்கே வாய்ப்பு அதிகம். சீசனுக்கு முந்தைய முன்னோட்ட ஆட்டத்தில் ஒருவர் பந்தை எல்லைக்குக் கொண்டுபோய் ரெண்டு டச்டவுன் எடுத்ததைப் பார்த்து மயங்கிப் பட்டியல் போடுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம், பயிற்சியாளரின் பிடிவாதம். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 2000-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகள் நான்கு பேரை வைத்துக்கொண்டது. வழக்கமாக ரெண்டு, மிஞ்சினால் மூன்று. அந்த நாலாவது ஆள், அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 199-ஆவதாகத் தேர்வாகி, பின்னாளில் இந்த ஆட்டத்தின் பெரிய நட்சத்திரமான டாம் பிரேடி. என் பட்டியலாக இருந்தால் முதல் வெட்டே அவருக்குத்தான் விழுந்திருக்கும்!