கெஸ்ட் ஆர்டர் அதிகம் வரும் கடையா? சிஆர்எம் இணைக்கும் முன் இதைப் பாருங்கள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அண்ணி நடத்தும் நைட்டிக் கடைக்கு வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் மென்பொருள்) ஒரு ஆன்லைன் கடையும் உண்டு. அதை சிஆர்எம்முடன் (வாடிக்கையாளர் விவரத்தையும் அவர்கள் வாங்கியதையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள்) இணைக்கும் வேலை என்னிடம் வந்தது. ஏபிஐ கீ (ஒரு மென்பொருளின் தகவலை இன்னொன்று எடுக்க உதவும் சாவி) எடுத்து, இரண்டையும் இணைக்கும் பிளக்இன் (துணை மென்பொருள்) போட்டு, பழைய ஆர்டர்களை ஏற்றியது வரை சிக்கலே இல்லை. அந்தக் கீயின் ரகசியப் பகுதியான கன்சியூமர் சீக்ரெட்டை வூகாமர்ஸ் ஒரு முறைதான் காட்டும், அப்போதே காப்பி செய்துகொள்ளுங்கள்.

மறுநாள் அண்ணியிடமிருந்து போன். "தம்பி, இவங்க எண்ணூர்க்காரங்க, கடைக்கே வருவாங்க. சிவகாசிக்குப் போன பார்சல் எப்படி இவங்க பேர்ல நிக்குது?"

திறந்து பார்த்தால் திருவொற்றியூர், ஆரணி, சிவகாசி என்று எங்கெங்கோ போன ஆர்டர்கள் அந்த ஒரே அம்மாவின் பெயரில் குவிந்து கிடக்கின்றன. பிளக்இன் நிறுவனத்துக்கு எழுதினேன். முதலில் "கேஷ் கிளியர் பண்ணுங்க சார்" என்றார்கள். அப்புறம் 24 மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள். அதற்கும் பிறகு, உங்கள் டேட்டாதான் தப்பு என்று பதில். தீபாவளி விற்பனை நேரத்தில் இதைக் கேட்டால் எப்படி இருக்கும்!

கடைசியில் ஆர்டரின் ஜேசனை (மென்பொருள்கள் தகவல் பரிமாறும் எழுத்து வடிவம்) நானே வரி வரியாகப் படித்தேன். லாகின் செய்யாமல் கெஸ்ட்டாக வாங்குகிறவர் யாராக இருந்தாலும் வூகாமர்ஸில் கஸ்டமர் ஐடி 0 என்றுதான் பதிவாகும். கணக்கு இல்லை, அதனால் எண்ணும் இல்லை, அதில் தவறில்லை. அந்த 0-வை ஒரு ஆளின் அடையாளமாக பிளக்இன் எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. நைட்டி வாங்க யார் உட்கார்ந்து கணக்குத் தொடங்குகிறார்கள்? எங்களுக்கு வருவதில் பெரும்பகுதி கெஸ்ட் ஆர்டர்தான்.

ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய பிறகுதான் மேட்சிங் ஃபீல்டை, அதாவது எதை வைத்து ஆளை அடையாளம் காண்பது என்பதை, மாற்றும் இடத்தைக் காட்டினார்கள். போன் எண்ணுக்கு மாற்றினேன். இமெயில் வேண்டாம், பலர் ஏதோ ஒன்றைத் தட்டிவிடுகிறார்கள். ஆனால் எண்ணையும் அப்படியே விடக்கூடாது. முன்னால் 0, நடுவில் இடைவெளி என்று விதவிதமாக வரும். எல்லாவற்றையும் +91-க்குப் பின் 10 இலக்கம் என்று ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் ஒரே ஆள் மூன்று பேராகிவிடுவார். பழையதை அழித்து மறுபடி ஏற்றியதும் அவரவர் ஆர்டர் அவரவர் பெயருக்குப் போனது. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் புது ஆர்டர்கள் வரவில்லை. இந்தக் குளறுபடிக்கு நடுவே, புது ஆர்டர் வந்ததும் அதை சிஆர்எம்முக்குத் தானாக அனுப்பும் வெப்ஹூக் அணைந்திருந்தது. அப்படித் தகவல் அனுப்புவது 5 முறைக்கு மேல் தொடர்ந்து தோற்றால் வூகாமர்ஸ் அதைத் தானே நிறுத்திவிடும். மறுமுனையைச் சரிசெய்தாலும் தானாக உயிர்பெறாது. அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் வெப்ஹூக் பகுதிக்குப் போய் நாம்தான் ஆக்டிவ் என்று மாற்ற வேண்டும். நடுவில் விட்டுப்போன ஆர்டர்களையும் தேதி பார்த்துத் தனியாக ஏற்றுங்கள், அவை திரும்ப வராது.