எல்லாரும் சொல்ற அந்த சிக்மா

ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டி டிபார்ட்மெண்ட்ல வேலை பாக்குறேன், எங்க ஆபீஸ்ல டீ குடிக்க போனா கூட "அவன் த்ரீ சிக்மா ஆளுப்பா", "இது அவுட்லையர், விடு"ன்னுதான் பேச்சு ஓடும், அவுட்லையர்னா கூட்டத்தோட சேராம தனியா தள்ளி நிக்கிற அளவு. புதுசா வந்த ட்ரெய்னி பசங்களுக்கு சிக்மான்னா ரீல்ஸ்ல யார்கிட்டயும் பேசாம கெத்தா நடந்து போறவன், அது தனி கதை.

எனக்கு கடுப்பு என்னன்னா எல்லாரும் அத பரிட்சை மார்க் மாதிரி பேசுறாங்க. சிக்மான்னா ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அளவெல்லாம் சராசரிய சுத்தி எவ்ளோ சிதறுதுங்கறது, அவ்ளோதான். எது சிதறுதுன்னு சொல்லாம வெறுமனே த்ரீ சிக்மான்னு சொன்னா என்னத்த புரிஞ்சுக்கறது?

ஷாப்ல ரெண்டு சிஎன்சி லேத்ல, அதான் கம்ப்யூட்டர் ஓட்டுற கடைசல் மெஷின்ல, ஒரே ஷாஃப்ட் ஓடுது, 20 மில்லிமீட்டர் டயா, ப்ளஸ் ஆர் மைனஸ் 20 மைக்ரான் வரைக்கும் ஓகே (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒண்ணு). ஒண்ணுல சராசரி கரெக்டா 20.000, ஆனா சிக்மா 9 மைக்ரான். இன்னொண்ணுல சராசரி 8 மைக்ரான் மேல நிக்குது, சிக்மா வெறும் 3. மீட்டிங்ல ஸ்லைடு பாக்குறவங்க முதல் மெஷின பாத்து சூப்பர்ம்பாங்க, ஆனா நூறு பீஸுக்கு ரெண்டு மூணு ரிஜெக்ட் அதுலதான் வரும், ரெண்டாவதுல லட்சத்துக்கு மூணு வந்தாலே பெருசு. ஓட்டுற அண்ணன்கிட்ட கேட்டா, "சார், தள்ளி நின்னா ஆஃப்செட் போட்டு இழுத்துடலாம், ஆடிட்டே இருந்தா நான் எத புடிச்சு நிறுத்துறது"ன்னாரு. ஆட்டத்த நிறுத்தணும்னா பேரிங்க கழட்டணும், மெஷின் நிக்கும், அதுக்கு எந்த மேனேஜரும் லேசுல ஒத்துக்க மாட்டாங்க.

அப்புறம் த்ரீ சிக்மான்னா, அதாவது சராசரியிலேர்ந்து மூணு சிக்மா தள்ளி நின்னா, ஏதோ அபூர்வம்னு ஒரு நெனப்பு. நார்மல் கர்வ்ல, அதான் நடுவுல குவிஞ்சு ரெண்டு பக்கமும் சரியிற மணி மாதிரி கோட்டுல, 370 பீஸுக்கு ஒண்ணு அந்த எல்லைய தாண்டும், ஒரு ஷிஃப்டுக்கு 800 பீஸ் அடிக்கிற எங்களுக்கு அது தினமும் நடக்கிற விஷயம். மோட்டோரோலால 1986ல கெளம்புன சிக்ஸ் சிக்மாங்கற குறைய குறைக்கிற முறையிலயும் ஒரு கூத்து இருக்கு, பத்து லட்சத்துக்கு 3.4 குறைன்னு எல்லாரும் ஒப்பிப்பாங்க, அது உண்மையில 4.5 சிக்மா கணக்கு, நாளாவட்டத்துல ப்ராசஸ் 1.5 சிக்மா நகரும்னு முன்னாடியே கழிச்சுட்டாங்க. நகராம நின்னா நூறு கோடிக்கு ரெண்டுதான்.

கர்வே நார்மலா இல்லன்னா இந்த கணக்கெல்லாம் காலி. 2007 ஆகஸ்ட்ல அமெரிக்க முதலீட்டு வங்கி கோல்ட்மேன் சாக்ஸோட நிதி அதிகாரி, மார்க்கெட்ல 25 சிக்மா அசைவு அடுத்தடுத்து பல நாள் வந்துச்சுன்னு சொன்னாரு. பிரபஞ்சத்தோட வயசு முழுக்க காத்திருந்தாலும் ஒரு தடவ கூட வரக்கூடாத ஒண்ணு, ஒரே வாரத்துல பல தடவன்னா மார்க்கெட் மேலயா தப்பு? மாடல்தான் தப்பு. எங்க ஊர்ல அதையே அவுட்லையர்னு சொல்லி ரிப்போர்ட்ட மூடிடுவாங்க, அடுத்த வாரம் அதே அவுட்லையர் திரும்ப வரும், அதுக்கும் அதே பேரு.

போன அப்ரைசல்ல மேனேஜர் "நீங்க டீம்ல ப்ளஸ் ஒன் சிக்மா"ன்னாரு. டீம்ல மொத்தமே ஏழு பேரு. எத அளந்தீங்க, யூனிட் என்னன்னு கேக்க வாய் வந்துச்சு, இன்க்ரிமெண்ட் லெட்டர் இன்னும் கைக்கு வரலையேன்னு தேங்க்ஸ் சார்னுட்டு வந்துட்டேன்.