காகம் கொண்டுபோகாத சூப்பி

பிள்ளைகள் வாயில் வைத்துச் சப்பும் ரப்பர்க் காம்புதான் சூப்பி; டேனிஷ் மொழியில் அதற்குப் பெயர் ‘சுத்’. போன வருடம் மே மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் டென்மார்க்கில் வந்து இறங்கிய என் அம்மாவுக்கு இது தெரியாது. பேத்தி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு “சுத், சுத்” என்று அழுதபோது, சுற்றத்தான் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். வாய்ப்பேச்சில் நாம் சுற்றுவதைச் சுத்துவது என்றுதானே சொல்வோம்? பிள்ளையைத் தூக்கி வரவேற்பறை நடுவில் நின்று சுற்றினார். அவள் இன்னும் உரக்க அழுதாள். அம்மா இன்னும் வேகமாகச் சுற்றினார். நான் குளியலறையிலிருந்து ஓடிவந்தபோது இருவருக்கும் தலை கிறுகிறுத்து, கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“இந்த ரப்பர் துண்டுக்கா இவ்வளவு பாடு?” என்றார் அம்மா, நான் சோபாவுக்கு அடியில் கிடந்ததை எடுத்து மகளின் வாயில் வைத்ததும். அப்போது அவளுக்கு இரண்டரை வயது.

ஊரில் எங்கள் வீட்டில் சூப்பி இல்லை. ஏணை இருந்தது, அதை ஆட்ட யாராவது ஒருவர் இருந்தார். தம்பி மட்டும் மூன்றாம் வகுப்பு வரை பெருவிரல் சூப்பினான். வேப்பெண்ணெய் பூசியும் பலனில்லை. அதனால் மகள் பிறந்தபோது நானும் ‘நம் பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம்’ என்று வீறாப்பாகத்தான் இருந்தேன். வீறாப்பு மூன்று வாரம் நின்றது. நவம்பர் மாதம், இங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், பிள்ளை இரவு முழுவதும் மார்பை விடவில்லை. இவர் விடிந்ததும் போய் ஒன்று வாங்கி வந்தார். வாங்கி வந்ததோடு நிற்காமல், தாய்ப்பால் பழகிய பிறகு தூங்கும் நேரத்தில் சூப்பி கொடுத்தால் தொட்டிலில் நேரும் திடீர் மரண ஆபத்து குறையும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2005 முதல் சொல்லிவருவதையும் கைபேசியில் தேடிக் காட்டினார். குற்ற உணர்ச்சிக்கு மருந்து கிடைத்தது. வீட்டில் அன்றிரவு கேட்ட அமைதியை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒன்று ஐந்தானது. இரவில் ஒன்று தொலைந்தால் கையைத் துழாவும்போது இன்னொன்று அகப்பட வேண்டும் என்பதற்காகக் கட்டிலில் ஐந்தையும் பரப்பிவைப்போம். இரண்டு வயதானபோது அவளுக்கென்று ஒரு முறையே உருவாகியிருந்தது. ஒன்று வாயில். இன்னொன்றை வளையத்தில் பிடித்து, அதன் ரப்பர் நுனியை மூக்கின் அடியில் மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருப்பாள். வாயில் இருப்பது சூப்ப, கையில் இருப்பது மணக்க. கண் சொருகும்போது கைதான் முதலில் நிற்கும், பிறகு வாய். வாய் நின்ற பிறகும் சில நொடிக்கு ஒருமுறை, எதையோ நினைத்துக்கொண்டதுபோல், இரண்டு இழுப்பு இழுப்பாள்.

இங்கே பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம் இலவசம், நகரசபையே கடிதம் போட்டுக் கூப்பிடும். அம்மா வந்த இரண்டாவது வாரம் எங்கள் முறை வந்தது. பல் வைத்தியர் மகளைப் பின்பற்களைக் கடிக்கச் சொன்னார். கடித்தாள். முன்பற்கள் மேலும் கீழும் ஒட்டவில்லை. நடுவில் சூப்பியின் காம்பு நுழையும் அளவுக்கு ஒரு நீள்வட்ட இடைவெளி, அச்சில் வார்த்ததுபோல். நான் பயந்துவிட்டேன். இப்போதே விட்டால் பெரும்பாலும் தானாகவே மூடிவிடும், மூன்று வயதுக்குள் நிறுத்திவிடுங்கள் என்றார் அவர். விரல் சூப்பும் பிள்ளையைவிட இது லேசு, விரலை எறிய முடியாதே என்று சிரித்தார். எனக்குத் தம்பி ஞாபகம் வந்தது.

அன்று மாலையே முயற்சி தொடங்கியது. என்னோடு வேலை செய்யும் ஒருத்தி, காம்பின் நுனியை வெட்டிவிட்டால் காற்றுப் போய்ச் சுவாரசியம் கெட்டுவிடும் என்றாள். ஒன்றை வெட்டினேன். வெட்டிய ஓரத்திலிருந்து ரப்பர் மெல்லிய நாராகக் கிழிந்து வந்தது. தொண்டையில் போனால் என்ன ஆவது என்று அதை அப்போதே குப்பையில் போட்டேன். இந்த யோசனையை யாரும் கேட்டு நடக்க வேண்டாம்.

அடுத்தது அம்மாவின் முறை. பால் மறக்கடிக்க ஊரில் மார்பில் வேப்பிலை அரைத்துப் பூசுவார்கள், அதே சூத்திரம். தமிழ்க் கடையில் ஒரு போத்தல் வேப்பெண்ணெய் வாங்கி, நான்கு சூப்பிகளுக்கும் அபிஷேகம் செய்தார். மகள் ஒன்றை வாயில் வைத்தாள். முகம் கோணியது. எடுத்து உற்றுப் பார்த்தாள். அம்மாவின் சேலைத் தலைப்பில் நன்றாகத் துடைத்தாள். திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள். “தம்பி மாதிரியே” என்றார் அம்மா, பெருமையா கவலையா என்று தெரியாத குரலில்.

மூன்றாவது, காகம். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா நான்கையும் அலுமாரியின் மேல்தட்டில் ஒளித்துவைத்துவிட்டு, காகம் கொண்டுபோய்விட்டது என்று சொல்லிவிட்டார். நம் எல்லோருடைய மிட்டாயையும் பொம்மையையும் கொண்டுபோன அதே காகம். டென்மார்க்கில் காகம் உடம்பு சாம்பலும் தலை, சிறகு கறுப்புமாக, சட்டை போட்டதுபோல் இருக்கும். எங்கள் பால்கனிக் கம்பியில் தினமும் ஒன்று வந்து உட்காரும். மகள் அதைப் பார்த்து “சுத் தா! சுத் தா!” என்று இரண்டு நாள் தொண்டை கிழியக் கத்தினாள். பராமரிப்பு நிலையத்தில் போய், எங்கள் வீட்டுக்குள் ஒரு காகம் வந்து கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் திருடிவிட்டது என்று டேனிஷில் சொல்லியிருக்கிறாள். மாலையில் அழைத்துவரப் போனபோது ஆசிரியை தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் பறவை புகுந்து பிள்ளை பயந்துவிட்டதா என்று விசாரித்தார். அன்றிரவு மகள் ஜன்னலைச் சாத்தச் சொல்லி அழுதாள். நான் அலுமாரியைத் திறந்து, காகம் திருப்பித் தந்துவிட்டது என்று இன்னொரு பொய்யைச் சொல்லி, நான்கையும் கொடுத்தேன்.

“பொய்யில்லாமல் யார் பிள்ளை வளர்த்தார்கள்?” என்று அம்மா கோபித்துக்கொண்டார்.

ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் பூங்காவில் உள்ள மரத்தைப் பற்றிச் சொன்னதும் அந்த ஆசிரியைதான். சூப்பியை விடும் பிள்ளைகள் அதைக் கொண்டுபோய் அந்த மரத்தில் கட்டிவிட்டு வருவார்களாம். எனக்குப் பிடித்துப்போனது. திருட்டில்லை, தொலைந்ததுமில்லை. உன் பொருள் இருக்கிறது, இன்ன இடத்தில் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம். இதில் பொய்யே இல்லையே என்று இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “இருக்கிற இடம் தெரிந்தால்தான் மனம் அரிக்கும், பிள்ளை. காகம் கொண்டுபோனால் அன்றோடு முடிந்தது” என்றார்.

அம்மாவுக்கு மயிலிட்டி. 1990 ஜூனில் போரில் விட்டுவந்த ஊர், இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. துறைமுகப் பக்கத்தைத் திறந்துவிட்டது 2017 ஜூலையில். இருபத்தேழு வருடம், கோண்டாவிலில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கிணற்றடியில் நின்ற முருங்கையைப் பற்றிப் பேசுவார். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. போய்ப் பார்த்தபோது கிணறு இருந்தது, வீடு இல்லை. நான் அதற்குமேல் வாதாடவில்லை. ஆனாலும் சனிக்கிழமை மரத்துக்குப் போவது என்று முடிவுசெய்துவிட்டேன்.

ஜூன் மாதத்து நல்ல வெயில். மெட்ரோவில் ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் அலேயில் இறங்கி, இருபுறமும் மரங்கள் நிற்கும் சாலை முடியும் வரை நடந்தால் பூங்கா வாசல். மகள் நான்கையும் ஒரு சிறு பையில் போட்டுத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் மிருகக்காட்சிச்சாலை இருப்பதால், டிக்கெட் இல்லாமலே பூங்காவில் நின்று வேலிக்கு அப்பால் யானைகளைப் பார்க்கலாம். அங்கேயே அரை மணி நேரம் போனது. அம்மாவும் பேத்தியும் யானைகளை விட்டு வருவதாக இல்லை.

மரத்தைப் பார்த்ததும் நான் திகைத்தேன். பத்து இருபது தொங்கும் என்று நினைத்திருந்தேன். கொத்துக் கொத்தாக நூற்றுக்கணக்கில் தொங்கின. ரிப்பன்கள், கம்பளி நூல், பிளாஸ்டிக் உறைக்குள் கடிதங்கள், ஒரு பிள்ளையின் கைபட்ட கிறுக்கல். புதியவை பளபளத்தன. பழைய ரப்பர்க் காம்புகள் வெயிலில் கறுத்து, பாகுபோல் இளகி, வெடித்திருந்தன. மரத்தில் கீறி எடுத்த பாலில் செய்ததுதானே இந்த ரப்பர்? ஆசியாவின் முதல் ரப்பர் மரங்களை வெள்ளைக்காரர்கள் 1876-ஐ ஒட்டி நட்டது நம் நாட்டில், கம்பஹாவில். கடைசியில் அது திரும்பவும் ஒரு மரத்தில் வந்து தொங்குகிறது. இதை நான் சத்தமாகச் சொன்னேன், யாரும் கவனிக்கவில்லை.

ஏனென்றால் அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“இது தொட்டில் கட்டுகிற மரமல்லவா?” என்றார். பிள்ளை வரம் கேட்டுக் கோயில் மரத்தில் சின்னஞ்சிறு தொட்டில் கட்டுவதை நானும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தோன்றாதது அவருக்கு ஒரே பார்வையில் தோன்றிவிட்டது. இரண்டு வாரம் எதிர்த்துக்கொண்டிருந்தவர், கைப்பையைத் திறந்து விபூதிப் பொட்டலம் சுற்றிய மஞ்சள் துணியை எடுத்து, ஓரத்தில் நீளமாக ஒரு கீற்றுக் கிழித்தார். நேர்த்திக்குக் காசு முடிய வேண்டுமாம். இவர் ஐந்து குரோனர் காசு ஒன்றைக் கொடுத்தார். டேனிஷ் ஐந்து குரோனர் காசின் நடுவில் ஓட்டை உண்டு. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “முடியத் தேவையில்லை, கோக்கவே வழி வைத்திருக்கிறார்கள்” என்று மெச்சிக்கொண்டு, துணியை ஓட்டைக்குள் விட்டு, நான்கு வளையங்களையும் சேர்த்துக் கட்டினார். மகள் உயரத்தில் கட்ட வேண்டும் என்றாள். இவர் அவளைத் தோளில் ஏற்றினார். மூன்று முடிச்சு. பக்கத்தில் நின்ற டேனிஷ் குடும்பம் ஒன்று, பாட்டி கைகூப்பி நிற்பதைப் பார்த்து, தங்கள் பிள்ளையையும் அமைதியாக நிற்கச் சொன்னது.

மகள் கையசைத்தாள். ஐஸ்கிரீம் கேட்டாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இரவு பத்து மணி வரை வெளிச்சம் போகாத ஜூன் மாதத்தில் இந்த வேலையைச் செய்யக்கூடாது என்பது அன்றிரவுதான் தெரிந்தது. முதல் இரவு இரண்டரை மணி நேரம் அழுதாள். மெட்ரோவில் போய் எடுத்து வரலாம் என்றாள், வழியும் சொன்னாள். அம்மா வாய் திறக்கவில்லை. ஆனால் கதவருகே வந்து நின்றுவிட்டுப் போனார். இரண்டாம் இரவு, அதற்குக் குளிருமா என்று கேட்டாள். மூன்றாம் இரவு, கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனாள். எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. நல்லவேளை, விரலை மூக்கின் அடியில் தேய்த்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

நான்காம் இரவு, மூன்று மணியிருக்கும். அழுகைக்கு நடுவில் காய்ச்சல் மருந்து தேடி இவருடைய மழைக்கோட்டுப் பையில் கைவிட்டேன். சூப்பி. அலுமாரியில் ஒளிந்திருந்தபோதே, அம்மா வேப்பெண்ணெய் பூசிய நான்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு, எண்ணிக்கைக்குப் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார் இவர். அவசரத்துக்கென்று எடுத்து வைத்தாராம், பிறகு ஒப்புக்கொண்டார். குசினியில் சோப்புப் போட்டுக் கழுவினேன். கொடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது, நாளைக்குத் தொடரலாம். கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. பிறகு ஏன் என்று தெரியாமல் என் வாயிலேயே வைத்துப் பார்த்தேன்.

கசந்தது. சோப்புக்கும் போகாத வேப்பெண்ணெய்க் கசப்பு, ரப்பருக்குள் ஊறி இருந்தது. இந்தக் கசப்பையா பிள்ளை வாரக்கணக்கில் சூப்பினாள்? குப்பைப் பையில் போட்டு, பையையும் கட்டி, அந்த இரவிலேயே கீழே கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தேன். மேலே வந்தபோது அம்மா பிள்ளையைத் தோளில் போட்டு, வரவேற்பறை நடுவில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அழுகை இல்லை. “சுத்து” என்றாள் மகள், பாதித் தூக்கத்தில். அம்மா சுற்றினார்.

பத்தாம் நாளோடு கேட்பது நின்றது. பகல் தூக்கமும் அதோடு போனது, அதைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

அம்மா ஜூலைக் கடைசியில் ஊருக்குப் போய்விட்டார். அக்டோபரில் இலை உதிரும் நேரம், மகள் தானாகவே “என் சுத்தைப் பார்க்கப் போகலாம்” என்றாள். போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது: வெளிறிப்போன மஞ்சள் துணி, கருக்கத் தொடங்கிய நான்கு காம்புகள், நடுவில் ஓட்டைக் காசு நனைந்து மின்னுகிறது. யாரும் காசை எடுக்கவில்லை.

மகள் அதைத் தாண்டிப் பார்த்தாள். கீழ்க் கிளையில் ரோஸ் நிறத்தில், வெள்ளி ரிப்பன் கட்டித் தொங்கிய யாருடையதோ ஒரு புதுக் கொத்தைப் பிடித்து, “இதுதான்” என்றாள். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஆறு வந்தது. திருப்திதான்.

“ஆம், இதுதான்” என்றேன்.

இரவு அம்மா வீடியோவில் வந்தார். பேத்தியின் பல்லைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு, “மரத்தில் நான் கட்டியதைக் கண்டாளா?” என்று கேட்டார்.

“கண்டாள் அம்மா” என்றேன்.